வியாழக்கிழமை பாட்டும் முன் வரிசை லேப்டாப்பும்

மாப்ள,

எப்படிடா இருக்க? அம்மாவுக்கு கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சதுன்னு தங்கச்சி சொல்லுச்சு, சந்தோஷம். அன்னிக்கு போன்ல "அந்த ஊரு கிராமத்துப் பாட்டுல அப்படி என்னடா இருக்கு, வாரம் தவறாம போற"ன்னு கேட்டல்ல, பேச ஆரம்பிச்சா பாதில கட் ஆகிடும், அதான் உக்காந்து டைப் பண்றேன்.

இங்கிலாந்துல ஷெஃபீல்டுல ஒரு பப்போட மாடி ரூம்லதான் எங்க ஃபோக் கிளப், அதாவது அந்த கிராமத்துப் பாட்டெல்லாம் கூடிப் பாடுற கிளப். நாப்பது சேர் போட்டா ரூம் அடைச்சிரும், மைக் கிடையாது, வந்தவங்க யாரு வேணா எந்திரிச்சு ரெண்டு பாட்டு பாடலாம், அதுக்கு ஃப்ளோர் ஸ்பாட்னு பேரு, கோரஸ் வந்தா எல்லாரும் சேந்து பாடணும், எனக்கு மொத மொத அந்த சத்தத்த கேட்டப்ப நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுச்சு. மாசத்துல ஒரு நாள் வெளியூர் பாடகர் வருவாங்க, டிக்கெட் காசும் குலுக்கல் காசும் அவங்க சம்பளத்துக்கு. 1950, 60கள்ல இங்கிலாந்து முழுக்க இப்படித்தான் கிளப் முளைச்சிருக்கு.

இப்ப பாடகர்கள புக் பண்ற வேலை என் தலைல. எனக்கு முன்னாடி பாத்தவர் தபால்ல வர்ற கேசட்ட போட்டுக் கேட்டு, ராத்திரி லேண்ட்லைன்ல பேசி தேதி வாங்குவாராம். இப்ப மெயில்ல ஒரு யூடியூப் லிங்க், பாடகர்கள் பாட்ட போட்டு விக்கிற பேண்ட்கேம்ப் சைட்டோட ஒரு லிங்க், அவ்வளவுதான். ஆனா நான் ஸ்டுடியோ பாட்டு கேக்குறதில்ல, ஏதாவது சின்ன ரூம்ல மொபைல்ல எடுத்த வீடியோ இருந்தா அனுப்புங்கன்னு கேப்பேன், நாப்பது பேர் மூஞ்சிக்கு நேரா நின்னு பாட முடியுமான்னு அதுலதான் தெரியும். பக்கத்து ஊர் கிளப்காரங்களோட ஒரு மெயில் குரூப் இருக்கு, லீட்ஸ்ல வெள்ளிக்கிழமை பாடுற பொண்ணுக்கு வியாழக்கிழமை சும்மா கிடக்குன்னா அங்க போட்டுவிடுவாங்க, நாங்க புடிச்சிக்குவோம், அவங்களுக்கும் ரெண்டு நாள் சம்பளம், ரயில் செலவு ஒண்ணுதான்.

ஆளுங்கள வரவைக்கிறதுதான் கஷ்டம். ஃபேஸ்புக்ல "வர்றேன்"னு அமுக்குறவங்கள்ல பாதி பேர் வரமாட்டாங்க. செவ்வாய்க்கிழமை நான் அனுப்புற மெயில்தான் ஆள் கூட்டிட்டு வருது, அதுல போன வாரம் யாரு என்ன பாடுனாங்கன்னு ரெண்டு வரி எழுதுவேன், மொத தடவை வந்தவங்க பேரையும் கேட்டுட்டு சேத்து எழுதுவேன், அவங்க அடுத்த வாரம் வந்துருவாங்க. 2021 ஜனவரில ஸ்காட்லாந்து தபால்காரர் ஒருத்தர் டிக்டாக்ல பாடுன கப்பல் பாட்டு உலகம் பூரா ஓடுச்சே, ஞாபகம் இருக்கா? அத கேட்டுட்டு கிளப்புக்கு வந்த பசங்க மூணு பேர் இன்னும் வர்றாங்க.

ஆனா நான் உனக்கு சொல்ல வந்தது வேற. 2020 மார்ச்ல லாக்டவுன் வந்ததும் கிளப்ப ஜூம்ல போட்டோம். அதுல சேந்து பாட முடியாதுடா, சத்தம் ஒவ்வொருத்தருக்கும் கொஞ்சம் லேட்டா போகும், கோரஸ் சந்தக்கடை ஆயிரும். அதனால ஒருத்தர் பாட மத்தவங்க எல்லாரும் மியூட், கட்டம் கட்டமா வாய் மட்டும் அசையும். அப்படியும் வந்தாங்க, ஆஸ்திரேலியாவுக்கு குடிபோனவர், படுத்த படுக்கையா கிடக்குற புருஷன விட்டுட்டு வர முடியாத ஒரு அம்மா, அப்புறம் முப்பது வருஷம் எங்க கிளப்ல பாடிட்டு முட்டி போயி மாடி ஏற முடியாம நின்னுபோன ஒரு பெரியவர். 2021 ஜூலைல கட்டுப்பாட்ட எடுத்ததும் நாங்க பாட்டுக்கு மாடிக்கு ஓடிட்டோம். மூணாவது வாரம் யாரோ "அந்தப் பெரியவர் எங்க"ன்னு கேட்டாங்க. எனக்கு ரொம்ப கஷ்டமா போச்சு மாப்ள, கதவ நாமளே சாத்திட்டு வந்த மாதிரி.

அடுத்த வாரத்துலேந்து முன் வரிசைல ஒரு சேர்ல லேப்டாப். அவர் முறை வந்தா ஸ்பீக்கர ஏத்துவோம், அவர் சத்தம் எங்களுக்கு வர்ற நேரத்துல நாங்க கோரஸ் எடுத்தா ரூமுக்குள்ள சரியா சேந்துக்கும், எங்க சத்தம்தான் அவருக்கு லேட்டா போகும், அதனால அவர் அந்தப் பக்கம் சத்தத்த குறைச்சிட்டு எங்க மூஞ்சிய பாத்துக்கிட்டே பாடுவாரு. போன வாரம் கோரஸ் முடிஞ்சும் அவர் கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

உங்க பறைக் குழுவுக்கு அடி சொல்லிக் குடுத்த தாத்தா இப்ப வீட்ட விட்டு வெளிய வர்றதில்லன்னு சொன்னல்ல. ஞாயித்துக்கிழமை பிராக்டிஸ்ல ஒரு போன சாய்ச்சு வச்சு வீடியோ கால் போடு. சேந்து அடிக்க பாக்காத, தாளம் தப்பிரும், மொதல்ல அவர் அடிக்கட்டும், அப்புறம் நீங்க அடிங்க, அவர் திருத்தட்டும். அவர் பேரன்கிட்ட நெட் பேக் இருக்கான்னு கேளு, இல்லன்னா சொல்லு, மாசாமாசம் நான் போட்டுவிடுறேன்.

உன் பழைய ரூம்மேட்