குருமனைத் தொலைபேசி எண் மாறக் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வளைகுடா நாடுகளில் உள்ள தமிழ்க் கிறிஸ்தவச் சபைகளுக்கு மூன்று வருட ஒப்பந்தத்தில் குடும்பத்தோடு போய்வரும் குருமார்களைப் பற்றி, சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். ஊழியம் என்ற பெயரில் சுகமாக இருந்து சம்பாதித்துக்கொண்டு வருகிறார்கள் என்பது அவருடைய வருத்தம். நானும் அப்படிப் போய்வந்த ஒரு ஐயரம்மாதான் (குருவை ஐயர் என்றும் அவர் மனைவியை ஐயரம்மா என்றும் எங்கள் சபைகளில் சொல்வோம்). 2014 ஜூன் முதல் 2017 மே வரை குவைத்தில் இருந்தோம். பணத்தைப் பற்றி அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை. அந்த மூன்று வருடத்தில் எங்கள் வீட்டுக் கடன் அடைந்தது. ஆனால் அவர் கடிதத்தில் வராத ஒரு விஷயம் எட்டு வருடமாக என் மனதை அறுத்துக்கொண்டிருக்கிறது. இந்த வருடமும் சில குடும்பங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும். அவர்கள் புறப்படுவதற்குள் இதைச் சொல்லிவிட வேண்டும்.

முதலில் அந்த ஊர் எப்படி என்று கொஞ்சம் சொல்கிறேன். அங்கே வாரவிடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு வேலை நாள். அதனால் நம் ஞாயிறு ஆராதனை அங்கே வெள்ளிக்கிழமை. குவைத் நகரத்தில் கடற்கரையை ஒட்டி தேசிய சுவிசேஷ சபை வளாகம் இருக்கிறது. பல நாட்டுக்காரர்கள், பல மொழிச் சபைகள் அந்த ஒரே வளாகத்தில் நேரம் பிரித்துக்கொண்டு கூடுகிறார்கள். எங்களுக்கு இரண்டு மணி நேரம். ஆசீர்வாதம் கூறி முடிப்பதற்குள் அடுத்த மொழிக்காரர்கள் கதவருகே வந்து நிற்பார்கள். நம் ஊரில் ஆராதனை முடிந்ததும் ஆலயத்து வேப்பமரத்தடியில் அரை மணி நேரம் நின்று பேசுவோமே, அது அங்கே கிடையாது. பேச வேண்டியதெல்லாம் தொலைபேசியில்தான்.

அந்த வளாகத்துக்கும் நமக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மாவை அனுப்பிய அதே அமெரிக்கச் சபைதான் குவைத்திலும் ஊழியம் செய்தது. அவர்களுடைய ஆஸ்பத்திரி 1967 வரை அங்கே நடந்தது, கட்டடம் இன்றும் இருக்கிறது. அந்தக் காலத்து மிஷனரிக் குடும்பங்கள் பிள்ளைகளைக் கப்பலேற்றி நம் கொடைக்கானல் பள்ளிக்குத்தான் படிக்க அனுப்பினார்களாம். வளாகத்தில் ஒரு பெரியவர் இதைச் சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. ஏனென்றால் அந்த வருடம்தான் பத்தாம் வகுப்பு முடித்த என் மகனை பாளையங்கோட்டை விடுதியில் விட்டுவிட்டு வந்திருந்தேன். இங்கிருந்து அங்கே போனாலும் சரி, அங்கிருந்து இங்கே வந்தாலும் சரி, ஊழியத்துக்குப் போகிற வீட்டில் பிள்ளை எங்கேயோ ஒரு விடுதியில்தான் வளருகிறது. அந்த வாசகர் இதையும் கணக்கில் சேர்க்கட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

சபைக்கு வருகிறவர்கள் நர்ஸ்கள், எண்ணெய்க் கம்பெனி ஊழியர்கள், கடையிலும் கட்டட வேலையிலும் இருக்கிறவர்கள். அவர்களைப் பார்த்துக்கொள்வது என் கணவரின் வேலை. வர முடியாதவர்கள் வேறு. அரபி வீட்டு வேலைக்கு வந்த பெண்கள். வெள்ளிக்கிழமைதான் அந்த வீடுகளுக்கு விருந்தாளிகள் வரும் நாள், அன்றைக்குத்தான் அவர்களுக்கு இரட்டை வேலை. 2015-இல் வீட்டு வேலையாட்களுக்கென்று குவைத்தில் ஒரு சட்டம் வந்தது. வாரம் ஒரு நாள் ஓய்வு, ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைக்கக் கூடாது என்றெல்லாம் அதில் உண்டு. அடுத்த வருடம் குறைந்தபட்சச் சம்பளம் 60 தினார் என்றும் அறிவித்தார்கள். நல்ல சட்டம். நான் அறிந்த பெண்களில் ஓய்வு நாள் கிடைத்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

இவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு எண். எங்கள் குருமனை எண், அதாவது குருவின் குடும்பம் குடியிருக்கும் வீட்டின் எண். "தமிழ் பேசுற அம்மா ஒருத்தங்க எடுப்பாங்க" என்று ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்லி அது பரவியிருந்தது. சிலர் சுடிதார் ஓரத்தில் தைத்து வைத்திருந்தார்கள். பெரும்பாலும் மனப்பாடம். கிறிஸ்தவர்கள் மட்டும் அல்ல, எல்லாரும் கூப்பிடுவார்கள். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் போன் வந்து, பேச்சுக்குப் பின்னால் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால், யாரோ குளியலறைக்குள் நின்று பேசுகிறாள் என்று அர்த்தம். மட்டக்களப்புப் பெண் ஒருத்தி, "அம்மா, நான் கதைக்கிறது கேக்குதா?" என்று கேட்டுவிட்டு அப்புறம் ஒன்றுமே பேச மாட்டாள். நான் ஒரு சங்கீதம் சொல்வேன். முடித்ததும் வைத்துவிடுவாள். மாதம் தவறாமல் சபை வேன் ஓட்டுகிறவரிடம் காணிக்கை கொடுத்தனுப்புவாள். ஒரு தினார் நோட்டை நான்காய் மடித்து, பாலாடைக்கட்டி சுற்றி வரும் வெள்ளித் தாளுக்குள் வைத்து. அந்தத் தாளை நகத்தால் நீவி நீவி, ஒரு சுருக்கம் இல்லாமல் செய்திருப்பாள்.

2015 ஜூன் 26, ரமலான் மாதத்து வெள்ளிக்கிழமை, எங்கள் வளாகம் இருக்கும் அதே நகரத்தில் ஒரு பள்ளிவாசலில் குண்டு வெடித்தது. தொழுதுகொண்டிருந்த 27 பேர் இறந்துபோனார்கள். அன்று சாயங்காலம் முதல் நடுராத்திரி வரை எங்கள் போன் ஓயவில்லை. "ஐயரம்மா, நீங்க நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டவர்கள் எல்லாரும் அந்தப் பெண்கள்தான். தாங்கள் எந்த வீட்டில் எப்படி இருக்கிறோம் என்று ஒருத்தியும் சொல்லவில்லை.

இனி நான் சொல்ல வந்த ஆளைப் பற்றி. பெயர் வேண்டாம், சீர்காழி அக்கா என்றே எழுதுகிறேன். அவர் சபையைச் சேர்ந்தவர் அல்ல, மாரியம்மனுக்கு விரதம் இருக்கிறவர். வீட்டுக்காரர் இறந்து, கடனுக்காக வேலைக்கு வந்தவர். அவர் வேலை செய்த வீட்டில் கைபேசி வைத்துக்கொள்ள விடவில்லை. ராத்திரி குப்பை கொட்ட இறங்கும் பத்து நிமிடத்தில் பக்கத்துக் கட்டடத்துக் காவலாளியின் போனை வாங்கி எனக்குப் பேசுவார். ஊரிலிருந்து அவர் மகன் அவருக்குச் சொல்ல வேண்டியதை என்னிடம் சொல்வான். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க நாங்கள் கண்டுபிடித்த இடம் ஜமியா.

ஜமியா என்பது அங்கே ஒவ்வொரு பகுதிக்கும் இருக்கும் கூட்டுறவுப் பேரங்காடி. சனிக்கிழமை சாயங்காலம் அக்கா அந்த வீட்டு எஜமானி மேடத்தோடு சாமான் வாங்க வருவார். நான் பஸ் ஏறிப் போய் குப்பூஸ் ரொட்டி அடுக்கியிருக்கும் இடத்தில் நிற்பேன். அவர் ரொட்டி எடுக்கிற மாதிரி வருவார். "ஆடு குட்டி போட்டிருக்கு. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. பையன் பாலிடெக்னிக்ல சேர்ந்துட்டான்." இவ்வளவுதான் நான் சொல்வேன். அவர் ரொட்டிப் பொட்டலத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி கேட்டுக்கொள்வார். சூடாக இருக்கும் அந்த ரொட்டி, பிளாஸ்டிக் பையின் உட்புறம் முத்து முத்தாக வியர்த்திருக்கும். ஒருநாள் மேடம் எங்களைப் பார்த்துவிட்டார். எனக்குக் கை கால் ஓடவில்லை. அந்த அம்மாள் அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தள்ளுவண்டியைத் தானே தள்ளிக்கொண்டு காய்கறிப் பக்கம் போய்விட்டார். திரும்பி வர இருபது நிமிடம் ஆனது. அதன் பிறகு ஒவ்வொரு சனியும் அவர் காய்கறி எடுக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார். அவரையும் என் ஜெபத்தில் வைத்திருக்கிறேன்.

2017 மே மாதம் எங்கள் தவணை முடிந்தது. அங்கே தொலைபேசி இணைப்பு அவரவர் சிவில் ஐடி என்ற அடையாள அட்டை பேரில் இருக்கும். எங்கள் குருமனை எண் என் கணவர் பேரில் இருந்தது. ஊர் திரும்புமுன் பாக்கியைக் கட்டி எல்லாவற்றையும் முடித்துக்கொடுக்கும்போது அதையும் முடித்துக்கொடுத்தோம். எல்லாக் குருமார்களும் அப்படித்தான் செய்கிறார்கள், எங்களுக்கு முன்னால் இருந்தவரும் அப்படித்தான் செய்திருந்தார். அடுத்த ஐயருக்கு விசா கிடைக்கத் தாமதம். ஐந்து வாரம் குருமனை பூட்டிக் கிடந்தது. வந்ததும் அவர் புது எண் வாங்கினார். ஆராதனையில் அறிவித்தார்கள், சபை முழுக்கத் தெரிந்துகொண்டது. ஆராதனைக்கே வராதவர்களுக்கு யார் சொல்வது? எனக்கும் அந்த நேரத்தில் அது உறைக்கவில்லை. பெட்டி எடை, மகளின் மாற்றுச் சான்றிதழ், ஊரில் என் பள்ளி வேலை என்று என் தலை வேறெங்கோ இருந்தது. கண்ணில் பட்டவர்களிடம் விடைபெற்றேன். சீர்காழி அக்காவிடம் கடைசி சனிக்கிழமை ஜமியாவில் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அந்த வாரம் பார்த்து அவர் வரவில்லை.

2018 தை மாதம், சாயர்புரத்தில் எங்கள் வீட்டு வாசலில் ஆட்டோ வந்து நின்றது. அக்காவும் அவர் மகனும். 'சாயர்புரம் ஐயரம்மா' என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு விசாரித்து வந்திருந்தார்கள். திண்ணையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். அவருடைய அம்மா முந்தைய ஆடியில் இறந்துபோனார்களாம். மகன் எங்கள் எண்ணுக்கு விடாமல் கூப்பிட்டிருக்கிறான். அக்காவும் அங்கே குப்பை கொட்ட இறங்கும்போதெல்லாம் கூப்பிட்டிருக்கிறார். விஷயம் அவர் காதுக்குப் போகும்போது முப்பது நாள் கருமாதியும் முடிந்துவிட்டது.

"அரபில ஒரு பொம்பள ஏதோ பேசிட்டே இருந்தாம்மா. நீங்கதான் யாரையோ எடுக்கச் சொல்லியிருக்கீங்கன்னு நெனச்சு, நானும் தமிழ்ல பேசிட்டே இருந்தேன்" என்றார்.

அவர் என்னைக் குறை சொல்ல வரவில்லை. ஒரு மஞ்சள் பையில் கொல்லையில் காய்த்த தேங்காய் ஆறு கொண்டுவந்திருந்தார். நான்தான் அன்றிலிருந்து அந்தப் பதிவுக் குரலையும், அதோடு அவர் பேசிய தமிழையும் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ஆகவே குருமாரை அனுப்புகிற திருமண்டலங்களுக்கும், அழைத்துக்கொள்கிற சபைகளுக்கும் என் வேண்டுகோள் இது. குருமனை எண்ணை குரு பேரில் வாங்காதீர்கள். பத்துப் பதினைந்து வருடமாக அங்கேயே வேலையில் இருக்கும் சபையார் ஒருவர் பேரில் வாங்குங்கள். ஒரு நர்ஸம்மா பேரில் இருந்தால் இன்னும் நல்லது, பெண்கள் தயங்காமல் பேசுவார்கள். குரு மாறட்டும், எண் மாறக் கூடாது. வீடு பூட்டியிருக்கும் வாரங்களில் அந்தப் போனை யார் வைத்திருப்பது என்று சபைக் கமிட்டியில் பெயர் குறித்து வையுங்கள். முடிந்தால் பழைய குடும்பமும் புதுக் குடும்பமும் இரண்டு வாரமாவது சேர்ந்து இருக்கட்டும். கணக்குப் புத்தகத்தையும் ஞானஸ்நானப் பதிவேட்டையும் கையெழுத்துப் போட்டு ஒப்படைக்கிறோம். எந்த ஜமியாவில், எந்தக் கிழமை, எந்த நேரத்தில் யார் காத்திருப்பாள் என்பதை ஒப்படைக்கப் பதிவேடு இல்லை. அதை ஒரு ஐயரம்மா இன்னொரு ஐயரம்மாவைக் கூட்டிக்கொண்டுபோய்த்தான் காட்ட முடியும்.

வேலைக்குப் போகும் பெண்களின் வீட்டாருக்கும் ஒன்று. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதென்றால் தமிழக அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் போன்ற அரசு நிறுவனம் வழியாகப் போகச் சொல்லுங்கள். எந்த வீட்டுக்குப் போகிறார்கள் என்ற பதிவாவது இருக்கும். இந்தியத் தூதரக எண்ணையும் மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். ஒரு ஐயரம்மாவின் எண்ணை மட்டும் நம்பி யாரையும் அனுப்பாதீர்கள்.

என்னிடம் ஒரு நீல அட்டை நோட்டு இருக்கிறது. அந்த மூன்று வருடத்தில் என்னைக் கூப்பிட்ட 43 பெண்களின் பெயர், ஊர், வீட்டார் எண் எல்லாம் அதில் குறித்திருக்கிறேன். பலர் திரும்பி வந்திருப்பார்கள். சிலர் இன்னும் அங்கேயே இருக்கலாம். மட்டக்களப்புப் பெண்ணைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. இந்த வருடம் குவைத்துக்குப் புறப்படும் ஐயரம்மா யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து ஆசிரியர் அவர்கள் வழியாக என் முகவரி வாங்கி ஒரு வார்த்தை எழுதுங்கள். நோட்டை நானே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஆசிரியை,
சாயர்புரம், தூத்துக்குடி மாவட்டம்.
(அந்தப் பெண்களை முன்னிட்டு என் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)