உடைந்ததையும் எண்ணு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

கடலடிச் சேற்றைக் கழுவி ஃபோரம் ஓடுகளை, அதாவது ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிர்களின் சுண்ணாம்புக் கூடுகளை, எண்ணும் வேலையைப் பற்றி நேற்று போனில் நீ அலுத்துக்கொண்டதே காதில் நிற்கிறது. "ஒரு ஓடுகூட முழுசா இல்லம்மா, எல்லாம் தூள். தூக்கிப் போட்டுட்டு வேற சாம்பிள் கேக்கப் போறேன்" என்றாய். போட்டுவிடாதே.

முதலில் ஒன்று சொல். கழுவும்போது விரலால் தேய்த்தாயா? சேர்ந்த புதிதில் நான் அதைத்தான் செய்தேன். 63 மைக்ரான் சல்லடையில் களிமண் இறங்கவில்லையே என்று தேய்த்து ஒரு வார வேலையைப் பாழாக்கினேன். நாம் உடைத்ததென்றால் விளிம்பு சில்லு மாதிரி கூராக இருக்கும், சுவரும் பளபளப்பாக இருக்கும். கடல் கரைத்தது வேறு ரகம். சுவர் மங்கி, துளைகள் அகன்று, ஓட்டின் கடைசி அறை கழன்றிருக்கும். ஈரத் தூரிகை பட்டாலே உதிரும்.

இரண்டாவது ரகம் என்றால் உன் தட்டில் இருப்பது குப்பை அல்ல. சேற்றில் உள்ள கார்பனேட் (சுண்ணாம்பு) சதவீதத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். மேலேயிருந்து ஓடுகள் குறைவாக விழுந்தாலும் அது குறையும், களிமண் கூடினாலும் குறையும். கரைந்ததா என்று துண்டுகள்தான் சொல்லும். ஒரே ஓடு பல துண்டாகிவிடுவதால் 8 துண்டை ஓர் ஓடாகக் கணக்கு வைக்கும் வழக்கம் உண்டு. அப்புறம், வெதுவெதுப்பான கடலில் வாழும் ரூபர் என்ற ஃபோரம் இனத்துக்கு மெல்லிய ஓடு, முதலில் அதுதான் போகும். தடித்த ஓடுள்ள டுமிடா என்ற இனம் கடைசிவரை நிற்கும். ரூபர் குறைந்துவிட்டது, அதனால் மேலே கடல் குளிர்ந்திருந்தது என்று அவசரப்பட்டு எழுதிவிடாதே.

ஓடுகள் எந்த ஆழத்தில் கரைகின்றன என்று பார்க்க, 1960-களில் பீட்டர்சன் என்ற ஆய்வாளர் நடுப் பசிபிக்கில் ஒரு கயிற்றில் கால்சைட் (ஓடுகளில் உள்ள அதே சுண்ணாம்புக் கனிமம்) உருண்டைகளை ஆழம் ஆழமாகக் கட்டித் தொங்கவிட்டார். அதே கயிற்றில் பெர்கர் என்ற இன்னொரு ஆய்வாளர் ஃபோரம் ஓடுகளைத் தொங்கவிட்டார். சில மாதம் கழித்து எடுத்து எடை போட்டால், உருண்டைகள் சுமார் 3,700 மீட்டர் வரை அதிகம் தேயவில்லை, அதற்குக் கீழே சட்டென்று தேய்ந்திருந்தன. எவ்வளவு எளிய சோதனை! எனக்கு இன்றும் பொறாமைதான்.

பிரேமனில் உன் பக்கத்திலேயே கோர் கிடங்கு, அதாவது கடலடியிலிருந்து உருளை உருளையாகத் துளைத்தெடுத்த மண் மாதிரிகளின் கிடங்கு, இருக்கிறது. 2003-இல் தென் அட்லாண்டிக்கின் வால்விஸ் மேட்டில் துளைத்தெடுத்த கோர்கள் அங்கேதான் இருக்கின்றன. அனுமதி வாங்கி ஒருநாள் போய்ப் பார். கீழிருந்து மேலாகப் பார்த்தால் வெளிறிய சேறாகவே வந்துகொண்டிருக்கும், சட்டென்று கத்தியால் வெட்டினாற்போல் செம்பழுப்புக் களிமண், அதற்கு மேலே மெல்ல மெல்ல வெளுக்கும். 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் கார்பன் ஏராளமாகக் கடலில் ஏறியபோது, எந்த ஆழத்துக்குக் கீழே ஓடுகள் கரைந்து தங்காமல் போகுமோ அந்த எல்லை, முன்பு இருந்ததைவிட 2 கிலோமீட்டருக்கும் அதிகமாக மேலே ஏறிவிட்டது. அந்தக் களிமண்ணில் ஓடு தேடினாலும் கிடைக்காது. இன்னொன்று: ஓட்டைக் கரைக்கும் அந்தத் தண்ணீர் அடியில் ஏற்கெனவே படிந்திருந்த சேற்றையும் கொஞ்சம் தின்றுவிட்டது. அதனால் கோரில் தெரியும் அந்த எல்லைக்கோட்டை அப்படியே அந்த நிகழ்வின் தொடக்கம் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

சரி, துண்டுகளைத் தட்டின் ஒரு மூலைக்கு ஒதுக்கி, படம் எடுத்து அனுப்பு. நீயும் எண்ணு, சனிக்கிழமை நானும் இங்கே எண்ணுகிறேன். ஒத்துப்போகிறதா பார்ப்போம்.

அம்மா