பிரசவ வார்டில் பேசும் பேச்சு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டில் வீட்டுப் பிரசவம் என்பது ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. 2019-21ஆம் ஆண்டுகளில் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இங்கு 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும்தான் நடக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை அரசு நடத்தும் இடங்களில். வீடு தேடி வரும் கிராம சுகாதார செவிலியர், 108 ஆம்புலன்ஸ், இரவிலும் திறந்திருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு நிதியுதவி எனப் பலவும் சேர்ந்து கிடைத்த வெற்றி இது. இதில் எனக்கு முழு மதிப்பு உண்டு. ஆனால் எல்லாப் பெண்களையும் மருத்துவமனைக்கு அழைத்து வந்துவிட்ட பிறகு, அங்கே அவர்களிடம் எப்படிப் பேசுகிறோம் என்பதையும் அதே அக்கறையோடு கவனிக்க வேண்டியிருக்கிறது.

பிரசவ வார்டுக்கு வெளியே பெஞ்சில் காத்திருந்த பெண்களைக் கேட்டால், கதவைத் தாண்டி வரும் பேச்சை அப்படியே ஒப்பிப்பார்கள். “கத்தாதே, ஊர்ல உனக்கு மட்டும்தான் வலியா?” “முக்கத் தெரியாதவளுக்கு எதுக்குப் பிள்ளை?” “மூணாவதா? வெட்கமாயில்லை?” இவற்றைவிட மோசமானவையும் உண்டு, பத்து மாதத்துக்கு முந்தைய நாளை நினைவூட்டும் அந்தக் கேள்வியை அச்சில் எழுதக் கை கூசுகிறது. பிள்ளை பெற்றவர்கள் பிறகு இவற்றைச் சிரித்துக்கொண்டே சொல்வதால், யாருக்கும் இது பெரிய குறையாகத் தெரிவதில்லை. பிள்ளை நல்லபடியாகப் பிறந்ததே போதும் என்று விட்டுவிடுகிறோம்.

இனிமையாகப் பேசுவதை நல்ல குணத்தின் கணக்கில் எழுதி வைத்திருப்பதுதான் நம் கோளாறு என்று நினைக்கிறேன். பிரசவ அறையைப் பொறுத்தவரை அது சிகிச்சையின் ஒரு பகுதி. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிரசவத்துக்கு வந்த 140 பெண்களிடம் நடத்தி 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. முதுகில் மரப்பு ஊசி போடும் முன், ஒரு பாதிப் பேரிடம், “பெரிய தேனீ கொட்டுவது போலிருக்கும், இருப்பதிலேயே இதுதான் மோசமான கட்டம்” என்று சொன்னார்கள். மறுபாதிப் பேரிடம், “இந்த இடம் மரத்துப்போக மருந்து போடுகிறோம், அதற்குப் பிறகு உங்களுக்குச் சௌகரியமாக இருக்கும்” என்றார்கள். போட்டது ஒரே விதமான ஊசி. வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டபோது, முதல் குழுவின் இடைநிலை மதிப்பு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) 5. இரண்டாவது குழுவினுடையது 3. இரண்டு வாக்கியங்களும் சொல்லி முடிக்கப் பிடிக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்றே என்பதைக் கவனிக்க வேண்டும். ‘பொறுமையாகப் பேச எங்களுக்கு ஏது நேரம்’ என்ற வாதம் இங்கே நிற்பதில்லை.

உடன் ஒருவர் இருப்பதன் பலனும் இப்படியே அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. குவாத்தமாலா நாட்டில் தனியாக மருத்துவமனைக்கு வந்த பெண்களில் சிலருக்கு, மருத்துவப் பயிற்சி எதுவும் இல்லாத, முன்பின் தெரியாத ஒரு பெண்ணைத் துணைக்கு வைத்தார்கள். அவர் செய்ததெல்லாம் கையைப் பிடித்துக்கொண்டதும், முதுகைத் தடவிக் கொடுத்ததும், பேச்சுக் கொடுத்ததும்தான். 1980இல் வெளியான அந்த முடிவின்படி, துணை இருந்தவர்களுக்கு மருத்துவமனையில் சேர்ந்ததிலிருந்து பிள்ளை பிறக்கச் சராசரியாக 8.8 மணி நேரமும், துணை இல்லாதவர்களுக்கு 19.3 மணி நேரமும் ஆயின. சிறிய ஆய்வுதான், அந்த அளவு வித்தியாசத்தை எல்லா இடத்திலும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் 17 நாடுகளைச் சேர்ந்த, 15,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு 2017இல் வெளியிட்ட மதிப்பாய்வும், தொடர்ந்து துணை இருந்தால் சுகப்பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது, பிரசவ நேரம் சுருங்குகிறது என்றே சொல்கிறது. பயந்த உடம்பில் அட்ரினலின் ஏறும்போது இடுப்பு வலி பிடிப்பதே தளர்ந்துபோகும் என்பது அனுபவமுள்ள மருத்துவச்சிகளும் அறிந்ததுதான்.

இதற்கு நாம் குவாத்தமாலாவுக்குப் போகவும் வேண்டியதில்லை. காவிரியில் வெள்ளம் வந்து தாய் அக்கரையில் சிக்கிக்கொண்டபோது, பேறுகாலத்தில் தவித்த ரத்னாவதிக்கு அவள் தாயின் உருவிலேயே சிவன் வந்து பிரசவம் பார்த்தார் என்பது திருச்சி மலைக்கோட்டைத் தாயுமானவர் கோயிலின் தல வரலாறு. இன்றும் சுகப்பிரசவம் வேண்டி அங்கே வாழைத்தார் வைத்து வழிபடுகிறார்கள். இறைவனே துணைக்கு வந்த கதையைச் சொல்லும் ஊரில், பெற்ற தாயை வாசலில் நிறுத்திவிடுகிறோம்.

இத்தனைக்கும், அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது பெண் உறவினர் ஒருவர் உடனிருக்கலாம் என்ற ஏற்பாட்டைத் தமிழ்நாடு 2004ஆம் ஆண்டிலேயே கொண்டுவந்துவிட்டது. பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த மத்திய அரசு 2017 டிசம்பரில் தொடங்கிய ‘லக்‌ஷ்யா’ திட்டமும் மரியாதையான பேறுகாலக் கவனிப்பை வலியுறுத்துகிறது. நடைமுறையிலோ, அன்றைக்கு எந்த ஷிப்டில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே கதவு திறக்கிறது. ஒரே கூடத்தில் மறைப்பு இல்லாமல் பல மேசைகள் கிடக்கும்போது ஒருவரின் உறவினரை எப்படி உள்ளே விடுவது என்று கேட்கிறார்கள். அது நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கான விடை மேசைக்கு மேசை ஒரு திரைச்சீலை போடுவதே தவிர, உறவினரைத் துரத்துவது அன்று.

என் மகளின் பிரசவம் ஓர் அரசு மருத்துவமனையில் நடந்தது. ஷிப்ட் மாறி வந்த செவிலியர், கேஸ் ஷீட்டில் பெயர் எழுதியிருந்தும் அதைப் பார்க்காமல், “உன் பேர் என்ன கண்ணு?” என்று அவளிடமே கேட்டார். பரிசோதிக்கும் முன், “இப்போ உள்ளே பார்க்கப் போறேன், மூச்சை மெதுவா விடு” என்றார். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவள் அதற்குப் பிறகுதான் சொன்னதைக் கேட்டு முக்க ஆரம்பித்தாள். கூட்டிப் பெருக்க வந்த ஆயாம்மா, ஒவ்வொரு முறை அந்தப் பக்கம் போகும்போதும் நெற்றியை ஒரு முறை துடைத்துவிட்டுப் போனார்.

செவிலியர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. ஒரே ஆள் பல பெண்களைப் பார்க்க வேண்டிய இரவுகளும், ஒப்பந்தப் பணியின் நிச்சயமின்மையும், நோயாளிகள் முன்னிலையிலேயே மருத்துவரிடம் வாங்கும் வசவும், செல்போனை முகத்துக்கு நேரே நீட்டி மிரட்டும் உறவினர்களும் அவர்களுக்கு அன்றாடம். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதைத் தடுக்க 2008ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஏச்சையும் பேச்சையும் எந்தச் சட்டமும் முழுதாகத் தடுக்காது. நம் வீட்டாரும் சளைத்தவர்கள் அல்லர். தையல் போட்ட வலி அடங்குமுன், “மறுபடியும் பொட்டப்புள்ளையா?” என்று பெற்றவளின் காதுபடக் கேட்பவர் எந்தச் செவிலியரும் அல்லர், பெரும்பாலும் மாமியாரோ நாத்தனாரோதான்.

சுகாதாரத் துறையிடம் என் கோரிக்கை பெரிதல்ல. ஊசி போடவும் தையல் போடவும் பழக்குவது போலவே, வலியில் இருக்கும் பெண்ணிடம் சொல்ல வேண்டிய வாக்கியங்களையும் பயிற்சியில் வாய்விட்டுச் சொல்லிப் பழக்க வேண்டும். 2004ஆம் ஆண்டின் ஏற்பாட்டைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதிப் பிரசவ வார்டு வாசலில் மாட்ட வேண்டும். அத்துடன், பிரசவத்துக்குப் பின் வீட்டுக்கு வரும் கிராம சுகாதார செவிலியர், தடுப்பூசி, தாய்ப்பால் விவரங்களைக் கேட்கும்போது, “ஆஸ்பத்திரியில் உன்னிடம் எப்படிப் பேசினார்கள், துணைக்கு ஆளை விட்டார்களா?” என்பதையும் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். வார்டுக்குள் வைத்துக் கேட்டால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள். சொந்த வீட்டுத் திண்ணையில் என்றால் சொல்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி