பொருள்: உப்பிப்போன ஸ்பேர் கேமரா பேட்டரிகளும் அதற்குக் காரணமான பராமரிப்புக் குறிப்பும் – புகார்

அனுப்புநர்:
கல்யாண போட்டோகிராபர், கும்பகோணம்

பெறுநர்:
குறைதீர் அலுவலர் அவர்கள், கேமரா பேட்டரி விற்பனைப் பிரிவு

ஐயா / அம்மா,

வணக்கம். கேனான் எல்பி-இ6 பேட்டரிக்குப் பதிலாகப் போடலாம் என்று நீங்கள் விற்கும் ஸ்பேர் பேட்டரிகளில் நான்கு, உங்கள் இணையதளத்திலேயே சென்ற தை மாதம் வாங்கினேன். ஓராண்டு வாரண்டி. ஆடி முடிவதற்குள் அதில் இரண்டு உப்பிவிட்டன. மாற்றித் தரும்படி கேட்டதற்கு, "வாடிக்கையாளர் முறையாகப் பராமரிக்காததால் ஏற்பட்ட சேதம், வாரண்டியில் வராது" என்று இரண்டே வரியில் மெயில் வந்தது. பில், உங்கள் மெயில், உப்பிய பேட்டரிகளின் படங்கள் எல்லாவற்றையும் இத்துடன் இணைத்திருக்கிறேன்.

அந்த மெயிலை என்னால் ஏற்க முடியாது. எப்படிப் பராமரிக்க வேண்டும் என்று எனக்குச் சொன்னதே நீங்கள்தான். டப்பாவுக்குள் மடித்து வைத்திருந்த தாளில், "நீண்ட நாள் பயன்படுத்தாதபோது முழுவதும் சார்ஜ் செய்து உலர்ந்த இடத்தில் வைக்கவும்" என்று இருக்கிறது. அதற்குக் கீழேயே கொட்டை எழுத்தில், இந்த வழிமுறைகளைப் பின்பற்றாவிட்டால் வாரண்டி செல்லாது என்றும் இருக்கிறது. பின்பற்றினேன். உப்பிவிட்டது. இப்போது பராமரிக்கவில்லை என்கிறீர்கள்.

எங்கள் தொழிலில் ஸ்பேர் பேட்டரி என்பது எப்படிப்பட்ட பொருள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வைகாசியிலும் ஆவணியிலும் அது ஓய்வில்லாமல் உழைக்கும். ஆடியில் கல்யாணம் கிடையாது, மார்கழியில் கிடையாது, புரட்டாசியிலும் பல வீடுகளில் செய்வதில்லை. அந்த மாதங்களில் பேட்டரிகள் பீரோவில்தான் கிடக்கும். சீசனில்கூட, ஒன்று கேமராவுக்குள் இருந்தால் மற்றவை பையிலும் என் அசிஸ்டென்ட் தம்பியின் பாக்கெட்டிலும் இருக்கும். கேமராவுக்கு உள்ளே இருக்கும் நேரத்தைவிட வெளியே இருக்கும் நேரம்தான் அதிகம். அப்படியிருக்க, வெளியே இருக்கும் பேட்டரியை எப்படி வைத்துக்கொள்வது என்பதைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பது ஒரே வரி. அந்த ஒரு வரியும் தவறு.

லித்தியம் அயன் செல் ஒன்று முழுதாக சார்ஜ் ஏறும்போது சுமார் 4.2 வோல்ட்டில் நிற்கும். இந்த பேட்டரிக்குள் இரண்டு செல், ஆக 8.4 வோல்ட். அந்த உச்சத்திலேயே வாரக்கணக்கில் வைத்திருந்தால், அதுவும் நம் ஊர்ச் சூட்டில் வைத்திருந்தால், உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் என்ற ரசாயனத் திரவம் சிதையும், வாயு உண்டாகும், போக வழியில்லாமல் உறை உப்பும். அதனால்தான் கிடப்பில் போடும் பேட்டரியைப் பாதி சார்ஜில், 40 முதல் 60 சதவீதத்துக்குள், வீட்டிலேயே குளிர்ச்சியான இடமாகப் பார்த்து வைக்கச் சொல்கிறார்கள். முழுக்கக் காலியாக்கி வைப்பதும் ஆகாது. தானாகவே மெல்ல மெல்ல இறங்கி, செல்லின் வோல்டேஜ் தாங்கும் அளவுக்குக் கீழே போனால் உள்ளிருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் பூட்டிக்கொள்ளும். அப்புறம் சார்ஜரில் போட்டாலும் எடுக்காது.

இது உங்களுக்குத் தெரியாத விஷயமும் இல்லை. நீங்கள் அனுப்பிய நான்கு பேட்டரிகளும் கைக்கு வந்தபோது சார்ஜ் கால்வாசிதான் இருந்தது. அது சரிதான். தனியாக சரக்கு விமானத்தில் அனுப்பும் லித்தியம் அயன் பேட்டரியில் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக் கூடாது என்பது 2016 ஏப்ரலிலிருந்து சர்வதேச விதி. பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவதையே அப்போது நிறுத்திவிட்டார்கள். உங்கள் கிடங்கிலும் வழியிலும் குறைந்த சார்ஜில் பத்திரமாக இருந்த பொருளை, என் வீட்டுக்கு வந்ததும் முழு சார்ஜில் வைக்கச் சொல்வது என்ன நியாயம்?

என் வீட்டு பீரோவிலேயே இதற்கு சாட்சி இருக்கிறது. கேமராவோடு வந்த ஒரிஜினல் பேட்டரிகள் இரண்டு, அதே தட்டில், உங்கள் பேட்டரிகளுக்குப் பக்கத்தில் ஆடி முழுவதும் இருந்தன. அவற்றைப் பல வருடங்களாகவே பாதி சார்ஜில், மூடி போட்டுத்தான் வைக்கிறேன். அதே அறை, அதே சூடு. வயதில் மூத்த அவை அப்படியே இருக்கின்றன. உங்களுடையதை மட்டும் உங்கள் தாள் சொன்னபடி முழு சார்ஜில் வைத்தேன். தயாரித்தவர்களுக்குத் தெரியாததா என்ற நம்பிக்கையும், வாரண்டி போய்விடக் கூடாதே என்ற எண்ணமும்தான் காரணம்.

உப்பியது தெரியவந்த இடம் கல்யாண மண்டபம். ஆவணி முதல் முகூர்த்தம். காலையில் எடுத்துப் போட்டபோது கொஞ்சம் இறுக்கமாகத்தான் உள்ளே போனது. படம் எடுக்க எடுக்க சூடும் சேர்ந்திருக்கும். மாலை மாற்றி முடித்து, பெண்ணை மணமேடைக்கு அழைத்து வரும் நேரத்தில் பேட்டரியை மாற்றலாம் என்று கதவைத் திறந்தேன். உள்ளே இருக்கும் சின்னக் கொக்கியைத் தள்ளினால் பேட்டரி தானாக மேலே எழும்ப வேண்டும். எழும்பவில்லை. தலைகீழாகப் பிடித்துத் தட்டினாலும் வரவில்லை. நகம் நுழையக்கூட இடமில்லை. இரண்டாவது கேமரா கழுத்தில் இருந்ததால் தாலி கட்டும் காட்சி தப்பியது. கெட்டிமேளம் முழங்கி முடிந்த பிறகு, அசிஸ்டென்ட் தம்பி பேட்டரியின் தலையில் கனமான டேப்பை ஒட்டி, அதையே கைப்பிடியாக வைத்து மெல்ல மெல்ல இழுத்து வெளியே எடுத்தான். கூர்மையான எதையும் விட்டு நெம்பாதே என்று சொல்லியிருந்தேன். உறையில் ஓட்டை விழுந்தால் அங்கேயே தீப்பிடிக்கலாம், மண்டபம் முழுக்கத் துணிப்பந்தல். வெளியே எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்துப் பார்த்தோம், அடிப்பக்கம் படியாமல் ஆடியது. வீட்டுக்கு வந்து மற்ற மூன்றையும் அதே மாதிரி வைத்துப் பார்த்ததில் இன்னொன்றும் ஆடியது.

அடுத்து மூடி. உங்கள் பேட்டரியோடு மூடியே வருவதில்லை. ஒரிஜினலுக்கு வரும் மூடியைப் பார்த்திருப்பீர்கள். அதில் பேட்டரி வடிவத்திலேயே ஒரு சின்னத் துளை இருக்கும். சார்ஜ் ஏறியதும் ஒரு பக்கமாகப் போட்டால் துளை வழியாக நீலம் தெரியும், தீர்ந்ததைத் திருப்பிப் போட்டால் நீலம் மறைந்துவிடும். அரையிருட்டு ரிசப்ஷனிலும் ஒரே பார்வையில் எது நிறைந்தது, எது தீர்ந்தது என்று தெரிந்துவிடும். அது வசதி. அதைவிட முக்கியம், கான்டாக்டுகள், அதாவது மின்சாரம் போகும் உலோக முனைகள், மூடியிருக்கும். கல்யாண வீட்டில் ஒரு போட்டோகிராபரின் பாக்கெட்டில் என்னென்ன இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வண்டிச் சாவி, சில்லறை, மாலையிலிருந்து கழற்றிய பின், மொய்க் கவரிலிருந்து உதிர்ந்த ஒரு ரூபாய் நாணயம். பிளஸ்ஸையும் மைனஸையும் அதில் ஏதோ ஒன்று சேர்த்துத் தொட்டால் போதும், பேட்டரி பாக்கெட்டுக்குள்ளேயே கொதிக்கும். ஒரு பிளாஸ்டிக் மூடிக்கு என்ன விலை ஆகிவிடும்? இப்போது உங்கள் பேட்டரிகளுக்கு நானே கான்டாக்ட் மேல் இன்சுலேஷன் டேப் ஒட்டி, தனித்தனி பிளாஸ்டிக் உறையில் போட்டு, வாங்கிய மாதத்தையும் வரிசை எண்ணையும் மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறேன். காசு வாங்கும் நீங்கள் செய்ய வேண்டிய வேலை அது.

மூன்றாவது விஷயம் விமானப் பயணம். வைகாசியில் ஹைதராபாத்தில் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னையிலிருந்து போக வேண்டியிருந்தது. உங்கள் பேட்டரி லேபிளில் 7.2 வோல்ட், 2000 எம்ஏஎச் என்று மட்டும் இருக்கிறது, வாட்-ஹவர், அதாவது பேட்டரி தாங்கும் மொத்த ஆற்றலின் அளவு, இல்லை. விமான நிலையத்தில் கேட்பது அதைத்தான். அதைக் கேட்கத் தம்பி உங்கள் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தான். எடுத்தவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. "செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள் சார், பிரச்சினை வராது" என்றாராம். தம்பி அவர் பேச்சை நம்பிப் பெட்டியில் போட்டுவிட்டான். ஸ்கேனில் தெரிந்து, எங்களை வரவழைத்து, பெட்டியைத் திறந்து எடுக்க வைத்தார்கள். எடுக்க வைத்தவர்கள் செய்தது முழுக்க முழுக்கச் சரி. ஸ்பேர் லித்தியம் பேட்டரியை செக்-இன் பெட்டியில் போடவே கூடாது, கையோடுதான் கொண்டுபோக வேண்டும், கான்டாக்டுகள் ஒன்றோடொன்று தொடாதபடி மூடியிருக்க வேண்டும். சரக்கு அறையில் புகைந்தால் அணைக்க ஆள் இல்லை, கேபினில் என்றால் பணிப்பெண்களின் கண்ணில் படும். 100 வாட்-ஹவர் வரை விமான நிறுவனத்தின் தனி அனுமதி தேவையில்லை. 7.2 வோல்ட்டை 2 ஆம்ப்-ஹவரால் (2000 எம்ஏஎச் என்பது அதுதான்) பெருக்கினால் உங்களுடையது 14.4 வாட்-ஹவர்தான். அந்த ஒரு எண்ணை லேபிளில் அச்சடித்திருந்தால் போன் செய்யவே வேண்டியிருக்காது. உங்கள் ஆள் சொன்ன யோசனையைக் கேட்டு இன்னும் எத்தனை பேர் பெட்டியில் போட்டு அனுப்புகிறார்களோ என்று நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. அந்தப் பெட்டிகளுக்கு மேல் குழந்தை குட்டிகளோடு மனிதர்கள் உட்கார்ந்து போகிறார்கள்.

அதே தாளில் இன்னும் இரண்டு குறிப்புகள் இருக்கின்றன. முதல் தடவை 8 மணி நேரம் சார்ஜ் போட வேண்டும், அப்புறம் எப்போதும் முழுக்கக் காலியான பிறகே சார்ஜ் போட வேண்டும். இவை பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்து யோசனைகள். லித்தியம் அயன் சார்ஜர் நிறைந்ததும் தானே நிறுத்திக்கொள்ளும், 8 மணி நேரத்துக்கு அர்த்தமே இல்லை. ஒவ்வொரு முறையும் அடிவரை காலி செய்வது செல்லின் ஆயுளைக் குறைக்குமே தவிரக் கூட்டாது. எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய தாளாகத்தான் எனக்குப் படுகிறது.

பேட்டரியின் உடம்பில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையையும் பதிவெண்ணையும் தேடினேன். இல்லை. இந்த வகை பேட்டரிகளுக்கு ஐஎஸ் 16046 தரத்தின்படி இந்தியாவில் கட்டாயப் பதிவு உண்டு. பதிவு செய்திருக்கிறீர்கள் என்றால் எண்ணை எழுத்தில் தாருங்கள், நானே சரிபார்த்துக்கொள்கிறேன். தயாரித்த மாதமும் வருடமும் டப்பாவில் இல்லை. கடையில் எத்தனை காலம் கிடந்தது என்று தெரியாமல் ஒரு பேட்டரியை எப்படி நம்பி வாங்குவது?

எனக்கு வேண்டியது இதுதான். நான்கு பேட்டரிகளுக்கும் முழுப் பணமும் திரும்ப வேண்டும். உப்பாத இரண்டும் அதே தாள்படி வைக்கப்பட்டவைதான், அவற்றை இனி கேமராவில் போட எனக்குத் துணிவில்லை. மாற்று பேட்டரி வேண்டாம். அந்தத் தாளைத் திருத்தி, ஏற்கெனவே வாங்கிய எல்லோருக்கும் மெயிலில் அனுப்புங்கள். ஆடிக்கு முழு சார்ஜில் வைத்தவர்கள் மார்கழிக்கும் அப்படித்தான் வைப்பார்கள், அதனால் இதில் தாமதம் கூடாது. மூடியும் வாட்-ஹவர் எண்ணும் இல்லாமல் இனி ஒன்றையும் விற்காதீர்கள். போனில் பேசுகிறவர்களுக்கு விமான விதியைச் சொல்லிக்கொடுங்கள்.

இணையத்தில் விற்பவர்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. சரியான பயன்பாட்டுக்குப் போதிய வழிமுறையும் எச்சரிக்கையும் தராததை உற்பத்தியாளரின் பொறுப்பாகவே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 84-ஆவது பிரிவு வைக்கிறது. ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

கடைசியாக ஒன்று. பரிசோதிக்க வேண்டும், உப்பிய பேட்டரிகளைக் கூரியரில் அனுப்புங்கள் என்று உங்கள் மெயிலின் அடியில் எழுதியிருக்கிறீர்கள். அனுப்ப மாட்டேன். சேதமான லித்தியம் பேட்டரியை விமானத்தில் ஏற்றத் தடை இருக்கிறது, கூரியர்க்காரர் அதை எந்த வழியில் கொண்டுபோவார் என்று எனக்குத் தெரியாது, அவருக்கும் உள்ளே இருப்பது தெரியாது. பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறுவது 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி உங்கள் பொறுப்பு. இரண்டையும் கான்டாக்டில் டேப் ஒட்டி, மணல் போட்ட தகர டப்பாவில், வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்திருக்கிறேன். தரைவழியாக எடுத்துப்போக உங்கள் ஆளையே அனுப்புங்கள். முகூர்த்த நாளாக இருந்தால் மதியம் மூன்று மணிக்கு மேல் வரச் சொல்லுங்கள். வருகிறவர் பெற்றுக்கொண்டதற்கு எழுத்தில் ரசீது தர வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
கும்பகோணம்