ஓட்டல் குடியிருப்போர் சங்கம், நியூயார்க்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழு வழக்கம்போல் கூடியது. ஆள் சேராமல் இரண்டு கூட்டங்கள் தள்ளிப்போயின. லிஃப்ட் பழுது பற்றி உரிமையாளருக்குக் கடிதம் போட்டோம், இப்போது ஓடுகிறது. டிசம்பர் விருந்துக்கு மட்டும் எல்லாரும் வந்திருந்தீர்கள்.

இனி அறைப் பதிவு. செயலாளர் வருடம் முழுக்கக் காகிதம் சுமந்தார் என்று சிலர் பேசிக்கொள்வது என் காதுக்கும் வந்தது. அதனால் விவரமாகவே சொல்கிறேன். நம் ஓட்டல் 1969 ஜூலை 1-க்கு முன் கட்டியது. 1968 மே 31 அன்று இங்கே வாடகை வாரத்துக்கு 88 டாலருக்கும் குறைவு. ஆகவே வாடகை உயர்வைக் கட்டுப்படுத்தும் நியூயார்க் நகர வாடகை நிலைப்படுத்தல் சட்டத்துக்குள் வருகிறோம். ஆறு மாதம் தொடர்ந்து குடியிருந்தாலே நீங்கள் நிரந்தரக் குடியிருப்பாளர். ஏப்ரல் 1 நிலவரப்படி ஒவ்வோர் அறையையும் உரிமையாளர் வருடாவருடம் மாநில வீட்டுவசதித் துறையில், அதாவது டி.எச்.சி.ஆரில், பதிய வேண்டும். கெடு ஜூலை 31. பதியாதவரை வாடகையை ஏற்ற முடியாது. உயர்வை நிர்ணயிக்கும் நகர வாடகை வாரியமும் ஓட்டல் அறைகளுக்குப் பல வருடமாக 0 சதவீத உயர்வுதான் அறிவிக்கிறது. அப்புறம் எப்படி நம் வாடகை ஏறியது?

என் அறையின் வாடகை வரலாற்றை, அதாவது உரிமையாளர் வருடாவருடம் பதிந்த விவரத்தை, டி.எச்.சி.ஆரிடம் வாங்கிப் பார்த்தேன். நான் பல வருடமாகக் குடியிருக்கும் அறை, 'தற்காலிகத் தங்கல், விலக்கு' என்று, சட்டத்துக்கு வெளியே இருப்பதாகப் பதிவாகியிருக்கிறது. மேல்மாடியில் ஒருவர் அறை 'காலி'யாம். அந்தக் காலி அறையிலிருந்து தினமும் மீன் வறுக்கும் வாசனை வருகிறது.

வரலாற்றை அந்தந்த அறைக்காரர்தான் கேட்டு வாங்க முடியும், நான் எல்லாருக்குமாகக் கேட்க வழியில்லை. கட்டணமும் கிடையாது. கதவுக்குக் கதவு அதைக் கேட்கும் படிவம் கொடுத்தேன், பாதிகூடத் திரும்பவில்லை. ஒருவர் அதன் பின்பக்கத்தில் சலவைக் கணக்கு எழுதியிருந்தார். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, கூடுதலாக வாங்கிய வாடகையை ஆறு வருடம் வரை பின்னோக்கிக் கேட்கலாம்; வேண்டுமென்றே வாங்கியிருந்தால் மும்மடங்கு. நியூயார்க்கர் ஓட்டலில் ஓரிரவு தங்கிக் குத்தகை கேட்டவர் கைதான கதையைச் சொல்லிச் சிலர் பயப்படுகிறார்கள். 2024-ல் அவரைப் பிடித்தது குத்தகை கேட்டதற்காக அல்ல. ஓட்டலே தன்னுடையது என்று போலிப் பத்திரம் பதிந்தார் என்ற குற்றச்சாட்டில்.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறைய சமம். நகல், தபால் செலவு கொஞ்சம் கூடியது, காரணம் மேலே இருக்கிறது. மீதி விவரம் பொருளாளரிடம். அவருக்கும், தலைவருக்கும், கூட்டத்துக்கு நாற்காலி தந்த முன்மேசை ஊழியர்களுக்கும் நன்றி.

அடுத்த வருடம் இந்தப் பதவியில் தொடர எனக்கு ஆட்சேபம் இல்லை, பெரிய ஆசையும் இல்லை. படிவங்கள் என் கதவில் உறைக்குள் தொங்குகின்றன. கையெழுத்துப் போட ஒரு நிமிடம் ஆகும். வழக்கறிஞர் ஒருவர் எல்லா அறைகளையும் சேர்த்துப் பார்க்கச் சம்மதித்திருக்கிறார், தனித்தனியாக அல்ல. சந்தா பாக்கிப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டாம் என்று தலைவர் சொன்னார். சரி, ஒட்டவில்லை. ஜூலை 31 வரை அது என் மேசை டிராயரிலேயே இருக்கும்.

இப்படிக்கு,
செயலாளர்