தோளை விரித்து நில், பாப்பா

பழைய வண்ணாரப்பேட்டை,
வெள்ளிக்கிழமை.

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தம்பியின் பரீட்சை முடிந்துவிட்டது, எப்படி எழுதினான் என்று நீயே கேட்டுக்கொள், என்னிடம் சொல்ல மாட்டான்.

நீ அனுப்பிய அளவு ஜாக்கெட் வந்து சேர்ந்தது. பின்கழுத்து மேலே தூக்குகிறது, முன்பக்கம் தொளதொளவென்று இருக்கிறது, தையலில் ஏதோ கோளாறு என்று சீட்டு வேறு எழுதி வைத்திருக்கிறாய். தையலில் கோளாறு இல்லை. எம்.சி. ரோட்டுக் கடைகளுக்கு இத்தனை காலம் தைத்துக் கொடுத்தவளுக்கு அது தெரியாதா? கல்யாணத்தின்போது இதே ஜாக்கெட் உனக்கு அப்படிப் பொருந்தியிருந்தது. முதுகு வளைந்தால் பின்பக்கத் துணி போதாமல் ஏறிக்கொள்ளும். தோள் முன்னால் சரிந்து நெஞ்சு ஒடுங்கினால் முன்பக்கம் மடிப்பு விழும். நீ மெலியவும் இல்லை, பருக்கவும் இல்லை. கூன் போடுகிறாய்.

உன் நாத்தனார் வீட்டுப் புதுமனை புகுவிழாப் படத்தைப் பார்த்தேன். பெரிதாக்கிப் பார்த்தேன். தலை முன்னால் நீண்டு, தோள் இரண்டும் உள்ளே சுருங்கி, ஒரு முழங்காலை மடக்கி நின்றுகொண்டிருக்கிறாய். பள்ளியில் பிரார்த்தனை வரிசையின் கடைசியில் நிற்பவள் நீ. எறிபந்துக் குழுவுக்கு முதலில் உன்னைத்தானே தேர்ந்தெடுத்தார்கள்? ஐந்தடி எட்டு அங்குலம் என்று அப்பா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த உயரம் எங்கே போயிற்று?

கழுத்து வலிக்கு நான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தது உனக்குத் தெரியும். மிஷின் மேல் குனிந்து குனிந்து வந்த வலி. அங்கே பிசியோதெரபி பார்க்கும் பெண் விவரமாகச் சொன்னாள். தலையின் எடை சுமார் ஐந்து கிலோ. நிமிர்ந்திருக்கும்வரை கழுத்து அதைச் சிரமமில்லாமல் தாங்கும். 60 டிகிரி அளவுக்குக் குனிந்து செல்போன் பார்த்தால் கழுத்தில் 27 கிலோ பாரம் ஏறுகிறது என்று 2014-இல் அமெரிக்காவில் முதுகெலும்பு மருத்துவர் ஒருவர் கணக்கிட்டிருக்கிறாராம். நம் வீட்டில் வாங்கும் அரிசிச் சிப்பமே 25 கிலோதான். நீயோ கட்டிலில் சம்மணம் போட்டு, மடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறாய். வீடியோ காலில் உன் நெற்றியும் உச்சியும்தான் எனக்குத் தெரிகிறது.

மேசை வாங்கு. திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரட்டும், லேப்டாப்புக்கு அடியில் தடித்த புத்தகங்களை அடுக்கினால் போதும். கீபோர்டு மட்டும் தனியாக வேண்டும், அதற்குப் பணம் போட்டுவிடுகிறேன். பாதம் தரையில் பதிய வேண்டும். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நட. எவ்வளவு ஒழுங்காக உட்கார்ந்தாலும் ஒரே இருப்பாக இருந்தால் முதுகு பிடித்துக்கொள்ளும் என்று அந்தப் பெண் திரும்பத் திரும்பச் சொன்னாள். காலையில் சுவரில் சாய்ந்து நில்: குதிகாலைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வை, இடுப்பின் பின்பக்கமும் தோள்பட்டையும் பின்தலையும் சுவரில் படட்டும். பின்தலை படவில்லை என்றால் அழுத்தாதே. முகத்தை மேலே தூக்காமல் மோவாயை மட்டும் மெல்லப் பின்னுக்கு இழுத்து ஐந்து எண்ணு, பத்து முறை செய். கை மரத்தாலோ விரல் வரை வலி இறங்கினாலோ எதுவும் செய்யாமல் டாக்டரிடம் போ. குப்புறப் படுக்காதே. தோளை விரி.

தோற்றத்துக்காக மட்டும் சொல்லவில்லை. குறுகி உட்கார்ந்தால் மூச்சே முழுதாக இறங்காது. உன் குரல் இப்போதெல்லாம் போனில் சன்னமாகக் கேட்பது அதனால்தானோ என்று நினைத்துக்கொள்கிறேன். சிக்னல் சரியில்லை என்று நீ சொல்கிறாய். சரி.

காசிமேட்டிலிருந்து மீன் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நம் தெருவுக்கு வரும் ஆயாவை நினைவிருக்கிறதா? அத்தனை பாரத்திலும் கழுத்து கோணாது. விலையில் ஒரு ரூபாயும் குறையாது, அது வேறு கதை.

அந்தப் படத்தில் இன்னொன்றும் பார்த்தேன். எல்லோரும் விசேஷத்துக்குப் போட்டிருக்கும் செருப்பில் இருக்கிறார்கள், நீ மட்டும் தட்டையான ரப்பர் செருப்பு. குதிகால் உயர்ந்த செருப்பு இடுப்புக்கு ஆகாது என்று கத்தியவள் நான்தான், அப்போதெல்லாம் காதில் வாங்கவில்லை. இப்போது விட்டிருக்கிறாய், நல்லது. முதுகுக்காக விட்டாயா? பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் தோளும் உன் தோளும் அந்தப் படத்தில் ஒரே மட்டத்தில் இருந்தன. மணவறைப் படத்தில் அப்படி இல்லை.

மாப்பிள்ளை நல்ல பிள்ளை, அவரைச் சொல்லவில்லை. நிச்சயத்தன்று பந்தியில் சம்பந்தி அம்மா சிரித்துக்கொண்டே சொன்னதை நீ மறந்திருப்பாய் என்று நினைத்தேன். திருவொற்றியூர் அத்தை மறக்கவில்லை. அவளும் உன் உயரம்தான், மாமா அவள் காதளவு. வடிவுடையம்மன் கோயிலில் தேர் பார்க்க நின்றால் கூட்டத்தில் அவள் தலைதான் முதலில் தெரியும், ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. அவளுக்கு ஒரு போன் போடு. என்னிடம் சொல்ல வேண்டாம், அவளிடம் சொல்.

புது ஜாக்கெட்டைப் பழைய அளவுக்கே வெட்டிவிட்டேன். ஆடிக்கு அழைக்க அப்பா வருகிறார், உனக்கும் சேர்த்துத் திரும்பும் டிக்கெட் எடுத்தாயிற்று. லீவு இல்லை என்று சொல்லாதே.

அம்மா