இசை நாடகத்தில் பாடலாசிரியருக்கு அரை வரிதானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

நியூயார்க்கின் பிராட்வே அரங்குகளில் நடக்கும் இசை நாடகங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், இசையமைப்பாளர் ரிச்சர்ட் ராட்ஜர்ஸுக்கு ஒரு முழுப் பத்தி கிடைத்திருக்கிறது. ஆஸ்கர் ஹாமர்ஸ்டைனுக்கோ, 'அவருடைய மெட்டுகளுக்குப் பாடல் எழுதியவர்' என்று அரை வரிதான். அதிலும் 'மெட்டுகளுக்கு' என்பது சரியில்லை. பெரும்பாலும் ஹாமர்ஸ்டைன் முதலில் பாடலை எழுதிக் கொடுத்தார். அதன் பிறகே ராட்ஜர்ஸ் இசையமைத்தார். சந்தத்துக்கு எழுதிப் பழகிய நம் திரைப்படக் கவிஞர்கள் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள்!

ஹாமர்ஸ்டைனின் தொழில் வாழ்க்கையின் நடுப்பகுதிதான் எனக்குப் பிடித்தது. 1927-இல் 'ஷோ போட்' என்ற இசை நாடகம் பெரும் புகழ் தந்தது. பின்னர் நீண்ட சறுக்கல். 1941-இல் வந்த 'சன்னி ரிவர்' 36 காட்சிகளோடு நின்றுபோனது. ஹாமர்ஸ்டைன் கதை முடிந்தது என்று பலரும் பேசிய வேளையில், 1943-இல் 'ஓக்லஹோமா!' அரங்கேறி 2,212 காட்சிகள் ஓடியது. வேறொருவராக இருந்தால் மார்தட்டியிருப்பார். இவர் 1944 ஜனவரியில் 'வெரைட்டி' என்ற கலைத்துறை இதழில் காசு கொடுத்து விளம்பரம் செய்தார். அதில் இருந்தது தோல்வியடைந்த தன் நாடகங்களின் பட்டியல். முன்பு செய்ததை மறுபடியும் செய்ய முடியும் என்று தன்னையே கேலி செய்துகொண்டது வேறு!

'வெஸ்ட் சைட் ஸ்டோரி' இசை நாடகத்தின் பாடலாசிரியர் ஸ்டீபன் சோன்ட்ஹைம், சிறுவயதில் இவரிடம் தொழில் கற்றவர் என்பதையும் கட்டுரையாளர் விட்டுவிட்டார். பாடலாசிரியர்களுக்கென்றே தனிக் கட்டுரை ஒன்றை வெளியிடுங்கள்.

– வாசகர், கும்பகோணம்